சோலையப்பன் சந்தேகப்பட்ட டியூப்

சோலையப்பன் அரசுப் பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர். ஏதாவது ஒரு ஸ்டாப்பிங்கில் மரநிழலில் ஒதுங்கி நின்று, வண்டி அருகில் வந்ததும் கையைக் காட்டி ஏறி, "டிக்கெட்டைக் கையில எடுத்து வச்சுக்கங்க" என்று சொல்கிற ஆள். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டான், பையைத் துழாவவும் மாட்டான், பக்கத்தில் இருப்பவரிடம் திடீரென்று பேச்சுக் கொடுப்பான் என்பது கண்டக்டராகப் பதினாறு வருடமும் செக்கிங்கில் பதினான்கு வருடமும் அவர் கண்ட உண்மை. வண்டியில் யார் யார் புதிதாகப் பேசத் தொடங்குகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்.

திருவரங்குளத்தில் வீடு. வீட்டிலும் அவர் கண் அப்படியேதான் இருக்கும். பாலை விரலில் தொட்டு வழிய விட்டுப் பார்ப்பார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரைத் தராசோடு வரச் சொல்வார். "என்னையும் அந்தக் காலத்துல ரெண்டு தடவை வந்து பாத்துட்டுத்தான் கட்டுனாரு. மொத தடவை பாத்தது நான்தானான்னு சந்தேகம்" என்று அவர் மனைவி செவந்தி சொல்லிச் சிரிப்பாள். மகள் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

பதினோரு வருடத்துக்கு முன்பு சோலையப்பனுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. திருச்சியில் பார்த்ததில் மூத்திரப்பையில் புற்றுநோய் என்றார்கள். பையையே எடுத்துவிட வேண்டும், அதன் பிறகு இரண்டு வழி இருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். வயிற்றுக்கு வெளியே பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் குடலில் ஒரு துண்டை எடுத்து உள்ளுக்குள்ளேயே பை மாதிரி தைத்துவிடலாம். வெளியே பை என்றதுமே சோலையப்பன் தலையை ஆட்டிவிட்டார். நெரிசலான வண்டியில் நுழைந்து போகிற வேலை. எவனாவது கண்டுபிடித்துவிடுவான்.

அப்படித்தான் உள்ளே பை வைத்தார்கள். தொப்புளுக்கு வலப்பக்கம் கொஞ்சம் கீழே, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வாய். அதில் தானாக ஒன்றும் ஒழுகாது. நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய டியூப் ஒன்றை ஜெல்லி தடவி அதன் வழியே விட்டால் சிறுநீர் வடியும், உருவிவிட்டால் மூடிக்கொள்ளும். குடலில் செய்த பை என்பதால் சளி மாதிரி சுரக்கும், அதைத் தினமும் உப்புநீர் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு டியூபைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, எவர்சில்வர் டப்பாவில் வைத்து ஒரு வாரம் வரை பயன்படுத்துவார். அந்தக் கழுவுகிற வேலை செவந்தியுடையது. டியூப் விடுகிற வேலையை மட்டும் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவரே செய்வார். டிப்போவில் ஆபரேஷன் நடந்தது தெரியும், என்ன ஆபரேஷன் என்று தெரியாது. டப்பா அவருடைய செக்கிங் பைக்குள் ட்ரிப் ஷீட்டுகளுக்கு அடியில் இருக்கும். பத்து வருடம் இப்படியே ஓடிவிட்டது.

போன ஆடி மாதத்தில் ஒரு காலை, டியூப் உள்ளே போகும்போது ஓரிடத்தில் தடுத்தது. தள்ளினார். சுருக்கென்று வலித்தது. மறுநாளும் அதே இடத்தில் வலி.

டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது புதுப் பாக்கெட். வழக்கமான கம்பெனி இல்லை. அன்றைக்கே புதுக்கோட்டையில் அருள்தாஸின் மருந்துக்கடைக்குப் போனார்.

"தம்பி, இது டூப்ளிகேட்டு."

"பழைய கம்பெனி சரக்கு வரலைங்க சார். இதுவும் நல்ல கம்பெனிதான். நம்பர் அதே பதினாறுதான்" என்றார் அருள்தாஸ்.

"நல்ல கம்பெனின்னா ஏன் அச்சு இப்படி மங்கலா இருக்கு?"

அருள்தாஸ் பில்லைக் காட்டினார், மொத்த வியாபாரியின் போன் நம்பரைக் கொடுத்தார். சோலையப்பன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருந்த பேட்ச் நம்பரை டிக்கெட் நம்பர் மாதிரி குறித்துக்கொண்டு வந்தார். ஒன்றும் பிடிபடவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது. சரியாகச் செய்த தப்பில்தான் காகிதமெல்லாம் சுத்தமாக இருக்கும் என்பது அவர் எண்ணம்.

வீட்டில் பழைய கம்பெனியின் டியூப் இரண்டு மிச்சமிருந்தது. அதையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார். அதிலும் வலித்தது. உடனே ஜெல்லி மேல் சந்தேகம் வந்தது. தண்ணீராக இருக்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவ ஆரம்பித்தார். அதன் பிறகு செவந்தி கழுவுகிற சோப்பு. அதன் பிறகு செவந்தி.

"நீ நல்லா அலசுறியா இல்லையா? சோப்பு உள்ள தங்குதா?"

"பத்து வருசமா அலசுறேன். இப்ப வந்து கேக்குறீங்க."

"பத்து வருசமா வலிக்கலையே."

வலிக்குப் பயந்து அவர் ஒரு வேளையைத் தள்ளிப்போடத் தொடங்கினார். நான்கு மணி நேரம் ஆறானது, ஆறு எட்டானது. தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார். டியூபைக் கையில் எடுக்கும்போதே பல்லைக் கடித்து வயிற்றை இறுக்கிக்கொள்வார். பை நிரம்பிக் கிடக்கும்போது டியூப் போகிற வழி இன்னும் நெருக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை. வலித்தது, தள்ளினார், மேலும் வலித்தது.

புரட்டாசியில் செவந்தி ஒரு காரியம் செய்தாள். அவரிடம் சொல்லாமல், டப்பாவில் இருந்த பழைய டியூபை எடுத்துவிட்டு அவர் டூப்ளிகேட் என்று ஒதுக்கிய புதியதில் ஒன்றைப் பிரித்து வைத்தாள். உறையிலிருந்து எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான். இரண்டாம் நாள் சோலையப்பன் பாத்ரூமிலிருந்து நெற்றியைத் துடைத்தபடி வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"பாத்தியா? பழசு பழசுதான். இன்னைக்கு அவ்வளவா வலியே இல்லை."

அவள் ஐந்து நாள் பொறுத்திருந்து, சாப்பாட்டுத் தட்டை எடுத்துவைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். "டியூபுல ஒன்னும் இல்லைங்க. வேற என்னமோ இருக்கு. திருச்சிக்குப் போயிக் காட்டிட்டு வந்துருவோம்."

சோலையப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக அடுத்தவர்களைச் சோதித்த மனிதர்.

"அஞ்சு நாளா என்னைய வச்சு செக்கிங் பண்ணியிருக்க?"

"வேற எப்படிச் சொன்னாலும் நம்ப மாட்டீங்களே."

அன்றிலிருந்து டியூபை அவரே கழுவினார். டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மறுநாள் காலையிலேயே வலி முன்னைப்போலவே திரும்பியிருந்தது.

இதற்குள் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. செவந்தி கொல்லைப்பக்கம் போய்த் தாழ்ந்த குரலில் போன் பேசுவதை அவர் இரண்டு முறை கவனித்தார். அவர் வந்ததும் பேச்சு நின்றது. ஒருநாள் அவள் குளிக்கப் போனபோது அவள் போனை எடுத்துப் பார்த்தார். பெயர் பதியாத ஒரு நம்பர். ஒரே வாரத்தில் நான்கு முறை. பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம்.

"யாருகிட்ட இம்புட்டு நேரம் பேசுற?" என்று கேட்டார்.

"அக்காகிட்ட" என்றாள்.

அக்கா நம்பர் அவருக்குத் தெரியும், இது அது இல்லை. டிப்போவிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டார். எடுத்தவுடன் ஒரு பெண் குரல், அவருக்கு ஆபரேஷன் நடந்த திருச்சி ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னது. சட்டென்று துண்டித்துவிட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தார். ஆறு மாதத்துக்கு முன்னால் வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் அன்றைக்குச் சொன்னார்கள். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நர்ஸ் செவந்தியிடம் தனியாக ஏதோ பேசினாள். மாத்திரை பற்றி என்று செவந்தி சொன்னாள். இப்போது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. நோய் திரும்பிவிட்டது. அவளுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், தனக்குத்தான் தெரியாது.

அதை அவளிடம் அவர் கேட்கவில்லை. யாரையும் நிறுத்தி வைத்துக் கேட்கக்கூடிய அந்த மனிதருக்கு இதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. செவந்தி குழம்பில் உப்பைக் குறைத்தால்கூட, டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். மகள் போனில் வழக்கத்தைவிட அதிகமாக நலம் விசாரித்தால், அவளுக்கும் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு வாரம் அப்படிக் கழிந்தது.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குப் பொன்னமராவதிப் பக்கம் செக்கிங். அதிகாலையில் வீட்டில் டியூப் விட்டதுதான். வலியில் பாதி வடிந்தபோதே உருவிவிட்டார். காலையில் ஒரு வண்டியில், டிக்கெட் இல்லாத ஒருவரைப் பிடித்தார். கண்டக்டர் பெயர் மூக்கன். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"ஏறுனது இப்பத்தான் சார். அங்கிட்டு கூட்டத்துல நின்னாரு, கிட்ட போக முடியல" என்றார் மூக்கன்.

"ரெண்டு ஸ்டேஜ் தாண்டியாச்சு" என்று சோலையப்பன் ரிப்போர்ட் எழுதினார். மூக்கன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு விசிலை ஊதினார்.

மதியம் இரண்டு மணிக்குப் பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது சோலையப்பனின் அடிவயிறு கல்லாக இருந்தது. கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டார். எண்ணெயைத் தடவி டியூபை விட்டார். இரண்டு அங்குலம் போனது, நின்றது. தள்ளினார். வளைந்துகொண்டு வெளியே வந்தது. நுனியில் ரத்தம். மறுபடியும், மறுபடியும். வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்துவிட்டது. அரைமணி நேரம் கழித்து அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது எதிரில் மூக்கன் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார்.

"என்ன சார், மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?"

"ஒன்னுமில்ல. போ."

மூக்கன் போகவில்லை. சோலையப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். காலையில் தன்மேல் ரிப்போர்ட் எழுதிய இன்ஸ்பெக்டர் விழுந்து கிடப்பதைப் பார்க்க நிற்கிறான் என்று தோன்றியது. நாளைக்கு டிப்போ முழுக்கச் சொல்வான். ஆனால் அடுத்த பத்து அடி தன்னால் நடக்க முடியாது என்று தெரிந்தது.

"எனக்கு ஒன்னுக்குப் போகல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

மூக்கன் டிரைவரிடம் ஏதோ கத்திவிட்டு ஓர் ஆட்டோவைப் பிடித்தார். அரசு மருத்துவமனையில் அந்த நேரம் பணியில் இருந்த டாக்டர் பிரசவ வார்டில் இருந்தார். அன்புமொழி என்ற இளவயது நர்ஸ்தான் வந்தாள். கேட்டவுடன் வழக்கமான டியூபை எடுத்துக்கொண்டு வரத் திரும்பினாள். சோலையப்பன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கீழ வழியா இல்லம்மா. எனக்கு மூத்திரப்பையே கெடையாது." சட்டையைத் தூக்கிக் காட்டினார். மூக்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் பையோடு வெளியே போய் நின்றார்.

அன்புமொழி குனிந்து பார்த்தாள். அவள் முகத்தைச் சோலையப்பன் கவனித்துக்கொண்டே இருந்தார்.

"இந்த மாதிரி நீ முன்ன பாத்திருக்கியா?"

"இல்லைங்கய்யா. படிச்சிருக்கேன். கண்ணால பாக்குறது இதான் மொத தடவை."

தப்பு செய்தவனும் செய்யாதவனும் ஆயிரம் காரணம் சொல்லிக் கேட்ட காதுக்கு, எந்தக் காரணமும் சேர்க்காத அந்தப் பதில் புதிதாக இருந்தது. "அப்ப தெரிஞ்சவங்கள கேட்டு செய்யி" என்றார் சோலையப்பன்.

டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்து, அவரிடம் போனை வாங்கிச் செவந்தியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் செவந்தியின் குரல் கேட்டது. அழவில்லை. நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவள் மாதிரி பேசினாள்.

"திருச்சி சிஸ்டர் நம்பர் சொல்றேன், எழுதிக்கங்க. அவரு கேஸு அவுகளுக்குத் தெரியும். ரெண்டு மாசமா நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். கூட்டிட்டு வாங்க, கூட்டிட்டு வாங்கன்னாக. இந்த மனுசன் வந்தாத்தானே!"

சோலையப்பன் கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்தார். வலியிலும் ஒன்று உறைத்தது. நோய் திரும்பியது தெரிந்திருந்தால் இவள் இந்தக் குரலில் திட்ட மாட்டாள்.

வீடியோவில் திருச்சி சிஸ்டரின் முகம் வந்தது. "முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்லுங்க. பன்னெண்டு நம்பர் டியூப் இருக்கா? ஜெல்லி தாராளமா போடுங்க. எண்ணெய் வேணாம், அது உள்ள தங்கும். ஐயா, வயித்தை இறுக்கிப் புடிச்சிருக்கீங்க, விடுங்க. மெழுகுவத்திய ஊதுற மாதிரி வாயால மெதுவா ஊதுங்க. அவங்க ஊதுறப்ப மட்டும் நகத்துங்கம்மா. தடுத்தா தள்ளக் கூடாது. கொஞ்சம் இழுத்து, லேசா சுத்தி, மறுபடியும்."

முதல் தடவை போகவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. அன்புமொழியின் கை தடுத்த இடத்தில் அப்படியே நின்று காத்திருந்தது. மூன்றாவது முறை அவர் நீளமாக ஊதினார். ஏதோ ஒன்று உள்ளே இளகியது. முதலில் கெட்டியாகச் சளி, பிறகு சிறுநீர். ஏனத்தில் தொள்ளாயிரம் மில்லிக்கு மேல் வந்தது. பாதி வடியும் முன்பே சோலையப்பன் தூங்கிப்போனார்.

மறுநாள் திருச்சி. ஸ்கேன் எடுத்தார்கள். நோய் திரும்பவில்லை. வயிற்றிலிருந்த வாய் வருடக்கணக்கில் சுருங்கியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் போட்ட தொப்பையால் வழி சற்றே கோணியிருந்தது. பைக்குள் புளியங்கொட்டை அளவில் ஒரு கல். மயக்கம் கொடுத்து வாயை விரித்துக் கல்லை எடுத்தார்கள்.

"இன்னொரு டாக்டரும் அந்த ஸ்கேனைப் பாக்கட்டும்" என்றார் சோலையப்பன். காட்டினார்கள். அவரும் அதையேதான் சொன்னார்.

தான் ஒதுக்கிவைத்த டியூபுகளையும் செவந்தியை எடுத்துவரச் சொல்லியிருந்தார். திருச்சி சிஸ்டர் ஒவ்வொன்றின் ஓட்டையையும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றில் நிறுத்தினாள். "இதுல ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாத்தான் இருக்கு."

சோலையப்பன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டியா?"

"மத்ததெல்லாம் நல்லா இருக்குங்க" என்றாள் சிஸ்டர். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மூன்று வாரம் ஒரு டியூப் உள்ளேயே இருக்க வேண்டும் என்று வைத்து அனுப்பினார்கள். அந்த மூன்று வாரம் அவருக்குப் பெரும் தொந்தரவு. திரும்பிப் படுத்தால் இழுத்தது, நிமிர்ந்தால் குத்தியது. டியூப் கழன்றுகொண்டிருக்கிறது என்று பேனாவால் அதன் மேல் கோடு போட்டு மணிக்கொருமுறை பார்த்தார். கோடு நகரவில்லை. கடைசியில் செவந்திதான் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி, டியூபைச் சற்றே தளர்வாக வளைத்து, மடங்காமல், வயிற்றில் பிளாஸ்திரியால் ஒட்டினாள். இழுப்பு நின்றது. காலையும் மாலையும் உப்புநீர் விட்டுக் கழுவியதும் அவள்தான். முதல் நாள் அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான்காம் நாள் துண்டு இல்லை.

"ஏன் அக்கான்னு பொய் சொன்ன?" என்று அப்போது ஒருநாள் கேட்டார்.

"ஆஸ்பத்திரின்னு சொன்னா என்ன நெனப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒன்னைய தனியா கூப்பிட்டுப் பேசுனாகளே, அது என்ன?"

"மாத்திரைதான். காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு. நீங்க டாக்டர் சொன்னா பாதி போட மாட்டீங்கன்னு எங்கிட்ட சொன்னாக."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான்.

மூன்று வாரம் கழித்து டியூபை எடுத்தார்கள். இப்போது பதினான்காம் நம்பர், நுனி சற்று வளைந்தது. உட்கார்ந்து, ஜெல்லி போட்டு, ஊதி ஊதி விடுகிறார். போனில் நான்கு மணிக்கொருமுறை அலாரம் அடிக்கும். வலி அறவே போய்விட்டது என்று சொல்ல முடியாது. குளிர்நாளில், அவசரத்தில், மனம் சரியில்லாத நாளில் தடுக்கும். தடுத்தால் நிறுத்திவிடுவார். இரண்டு முறை அப்படி நிறுத்தி, கதவைத் திறந்து செவந்தியைக் கூப்பிட்டிருக்கிறார். அவள் கை லேசு.

மூக்கன் டிப்போவில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அது உண்மைதானா என்று சோலையப்பன் மூன்று பேரிடம் சுற்றி வளைத்து விசாரித்துப் பார்த்தார். உண்மைதான். ஆனால் எழுதிய ரிப்போர்ட்டை அவர் திரும்பப் பெறவில்லை. மூக்கனுக்கு மெமோ வந்தது. தேநீர்க் கடையில் பார்த்தபோது சோலையப்பன்தான் பேச்சை எடுத்தார்.

"நீ செஞ்ச உதவி வேற. அந்த டிக்கெட்டு வேற."

"நான் ஒன்னும் கேக்கலையே சார்."

"கேக்கலைதான். ஆனா நெனச்சிருப்ப."

மூக்கன் சிரித்துவிட்டார். "நெனச்சேன் சார். ரெண்டு நாளு. அப்புறம் விட்டுட்டேன்." சோலையப்பனின் கண்ணாடிக் கிளாசையும் வாங்கித் தன்னுடையதோடு சேர்த்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குப் போனார். பிறகு சோலையப்பன் நேராக மேனேஜர் அறைக்குப் போய், டாக்டரின் கடிதத்தை மேசையில் வைத்து, தன் உடம்பில் இருப்பதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். நான்கு மணிக்கொருமுறை நேரம் வேண்டும் என்றார். மேனேஜர் உடனே சரி என்றதும், இவ்வளவு சுலபமாக ஏன் ஒத்துக்கொண்டார் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தார்.

போன தை மாதம், செவந்தியின் அக்கா வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. ஜெகதாப்பட்டினம். அக்கா வீட்டுக்காரர் அங்கே ஐஸ் பிளாண்டில் சூப்பர்வைசர். பதினோரு வருடத்தில் சோலையப்பன் எந்த உறவினர் வீட்டிலும் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். இந்தத் தடவை இரண்டு நாள் தங்கினார். டப்பாவும் ஜெல்லியும் அக்காவின் அலமாரியில் சீப்புக்கும் பவுடருக்கும் நடுவில் இருந்தன. அதை யாரும் ஒரு விஷயமாகப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் பஸ்சில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். செவந்தி அக்கா கொடுத்தனுப்பிய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி அறந்தாங்கியைத் தாண்டும் வரை சோலையப்பன் ஏதோ யோசனையில் இருந்தார்.

"ஏங்க, வலிக்குதா?"

"இல்ல. நேத்து வச்ச மீனு."

"மீனுக்கென்ன?"

"துறைமுகத்துக்குப் பக்கத்துலயே வீட்டை வச்சுக்கிட்டு, முந்தாநாள் மீனைக் கொழம்பு வச்சிருக்காக. கண்ணைப் பாத்தேன். வெளிறிப்போயிருந்துச்சு."

"மூணு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க."

"சாப்பிட்டாத்தானே தெரியும்" என்றார் சோலையப்பன். எதிரே இருந்த பையன் பக்கத்து ஆளிடம் திடீரென்று எதையோ பேச ஆரம்பித்ததும், அவர் கண் அங்கே போனது.